கூலிக்குக் கழிவு உண்டு, புத்தகத்துக்கு இல்லை

(உதவித்தொகையும் உழைப்பும் – 7)

போன வாரம் பார்த்த, உதவித்தொகையை இழக்காமல் வேலைக்குப் போய்ப் பார்க்கும் ஒன்பது மாதச் சோதனைக் காலம், முன்பு வேலை பார்த்து வரி கட்டிய அமெரிக்கர்களுக்கானது. இந்த வாரம் எஸ்.எஸ்.ஐ. அப்படிக் கட்டியது போதாத, அல்லது கட்டவே வாய்ப்பில்லாத ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கான மாதத் தொகை அது. அதன் சேமிப்பு வரம்பைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்கும்போது பால் லாங்மோர் குறுக்கே வந்துவிட்டார். அவரை ஒரு பத்தியில் முடித்துவிட்டு நகர மனம் வரவில்லை.

லாங்மோர் வரலாற்றாசிரியர். 1953-ல், ஏழு வயதில், போலியோ தாக்கியது. கைகள் செயலிழந்தன, முதுகெலும்பு வளைந்தது, மூச்சுக்கு வெண்டிலேட்டர் தேவைப்பட்டது. வாயில் பேனாவைக் கவ்விக்கொண்டு, அதன் நுனியால் விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிய அவருடைய ஆய்வுநூல் அப்படித்தான் உருவானது. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு. 1988-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மத்திய அரசு அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே, உடன் போராடிய மாற்றுத்திறனாளிகள் சூழ்ந்திருக்க, அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியை அவரே கொளுத்தினார்.

காரணம் ராயல்டி. ஒருவர் மாதம் 585 டாலர் சம்பளம் வாங்குகிறார், வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் 20 டாலரும், பிறகு 65 டாலரும் கழித்துவிடுவார்கள். மீதி 500. அதில் பாதியை, அதாவது 250 டாலரை மட்டும் எஸ்.எஸ்.ஐ.யிலிருந்து பிடிப்பார்கள். ஆக, வேலைக்குப் போனதால் 335 டாலர் கூடுதலாகக் கையில் நிற்கும். (இந்த 20-ம் 65-ம் 1974-ல் திட்டம் தொடங்கியதிலிருந்து இன்றுவரை மாறவில்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது.) அதே 585 டாலர் அன்று ராயல்டியாக வந்திருந்தால் 20 டாலர்தான் கழிவு. 565 டாலரையும் அப்படியே பிடித்துவிடுவார்கள். வட்டி, வாடகைபோல உட்கார்ந்த இடத்தில் வரும் பணமாக அதைச் சட்டம் கருதியது. பேனாவை வாயில் கவ்வி எழுதியவரின் பத்தாண்டை!

ஆனால் லாங்மோர் அஞ்சியது அந்த டாலர்களுக்காக மட்டுமல்ல. காலையில் அவரை எழுப்பிக் குளிப்பாட்டி உடுத்திவிட ஆள் வேண்டும், இரவில் வெண்டிலேட்டர் ஓட வேண்டும். இந்தச் செலவையெல்லாம் அரசு உதவிதான் தாங்கியது. வருமானம் வரம்பு தாண்டி எஸ்.எஸ்.ஐ. நின்றால், அதோடு ஒட்டிவரும் இந்த உதவிகளும் நிற்கும். சம்பளக்காரர்களுக்கு அப்போதே ஒரு பாதுகாப்பு இருந்தது: சம்பளத்தால் எஸ்.எஸ்.ஐ. நின்றாலும் மருத்துவ உதவி தொடரலாம் என்ற விதி 1987-ல் நிரந்தரமாகியிருந்தது. ராயல்டி சம்பளம் இல்லையே! இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்து நான் விடாமல் சொல்லிவருவது இதைத்தான். வேலைக்குத் திரும்பத் தயங்குகிறவரைப் பார்த்து, மாதப் பணத்தை விட மனமில்லாதவர் என்று பேசுகிறார்கள். அவர் விடப் பயப்படுவது, வேலைக்குப் போவதையே சாத்தியமாக்கும் ஆளையும் கருவியையும் மருந்தையும்.

இதே சட்டத்துக்குள் எவ்வளவு நுணுக்கமான அக்கறை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பார்வையற்ற ஒருவர் எஸ்.எஸ்.ஐ. வாங்கிக்கொண்டே வேலைக்குப் போனால், அவருடைய வழிகாட்டி நாயின் சாப்பாட்டுச் செலவைக்கூட வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வேலை நேரத்தில் அவர் சாப்பிடும் சாப்பாட்டுக்கும், கட்டும் வருமான வரிக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும் கழிவு உண்டு. இந்தப் பட்டியலை எழுதியவர், ஒரு பார்வையற்றவர் வீட்டைவிட்டுக் கிளம்பி அலுவலகம் போய்ச் சேர என்னென்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நாய்க்குச் சோறு என்பதுவரை யோசிக்க முடிந்த அரசுக்குப் புத்தகம் எழுதுவது உழைப்பு என்று தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

தெரியவைத்தார் லாங்மோர். 1990-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, எழுத்துக்கு வரும் ராயல்டியையும் உரைகளுக்குத் தரும் மதிப்பூதியத்தையும் உழைத்துச் சம்பாதித்த வருமானமாகவே கணக்கிடச் சொன்னது. மாற்றுத்திறனாளி இயக்கத்தினர் அதை ‘லாங்மோர் திருத்தம்’ என்கிறார்கள். பிற்பாடு அவர் சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2010-ல் மறைந்தார். புத்தகத்தை ஏன் எரித்தேன் என்று அவர் எழுதிய கட்டுரை 2003-ல் அவருடைய கட்டுரைத் தொகுப்பில் வந்தது. அந்தத் தொகுப்புக்கே அதுதான் தலைப்பு.

சொன்ன சேமிப்பு வரம்பு அடுத்த வாரம். தனிநபருக்கு 2,000 டாலர் என்று 1989-ல் நின்ற எண் இன்னும் அங்கேயே நிற்கிறது. எஸ்.எஸ்.ஐ. வாங்கும் இருவர் திருமணம் செய்துகொண்டால் 4,000 அல்ல, 3,000. அந்த ஆயிரம் டாலரிலிருந்தே தொடங்குகிறேன்.