துண்டுச் சீட்டும் பெரிய கங்காணியும்

இலங்கை மலையகத்தின் நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா பகுதித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்கள் கங்காணிகள். தோட்டத் துரை முன்பணம் கொடுத்துக் கங்காணியை அக்கரையான தமிழகத்துக்கு அனுப்புவார். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போய், உறவுக்காரரையும் தெரிந்தவரையும் அவர் திரட்டி வருவார். சிங்களக் கிராமத்தவர் தங்கள் நிலத்தை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பாததால், முதலில் காப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் தென்னிந்தியக் கூலியாட்களையே நம்பியிருந்தன.

பிரிட்டிஷ் கடற்படை, நெப்போலியனோடு நடந்த போர்கள் 1815இல் முடியும்வரை, துறைமுகங்களிலும் கடலோர ஊர்களிலும் மாலுமிகளையும் மீனவர்களையும் வலுக்கட்டாயமாகப் பிடித்துக் கப்பலேற்றியது. மலையகத்துக்கு ஆள் சேர்க்க அப்படி ஒரு படை தேவைப்படவில்லை. வறட்சியும் கடனும் அந்த வேலையைச் செய்தன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஊரில் உண்ண வழியில்லாதவருக்குக் கங்காணியின் கையிலிருந்த சில ரூபாய்களே போதுமாக இருந்தன. கடற்படை ஆண்களை மட்டும் கொண்டுபோனது. கங்காணி குடும்பத்தையே கூட்டி வந்தார். கொழுந்து பறிக்கப் பெண்களின் கை வேண்டியிருந்தது.

கப்பல் செலவு, வழிச் சாப்பாடு, கம்பளி, ஊரில் தீர்த்துவிட்டு வந்த பழைய பாக்கி எல்லாமே தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. கணக்கு கங்காணியிடம். படிப்பறியாதவருக்கு அதைச் சரிபார்க்க வழி இல்லை. சம்பளமும் பெரும்பாலும் அவர் கை வழியாகவே வந்ததால், பிடித்தது போக மிச்சமே வீடு சேர்ந்தது. பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தோட்டம் தனிக்காசு கொடுத்தது. நோய் கண்டவரையும் வேலைக்கு விரட்டும் தூண்டுதல் இந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தார்கள். ஒவ்வொருவரின் கீழும் அவரவர் உறவுக் கூட்டம். அதனால் கடனை மீறுவது உறவை மீறுவதாகவும் ஆயிற்று.

ஆளைக் கட்டிப்போட்ட இன்னொரு கருவி துண்டு. ஒரு கூட்டம் தோட்டம் மாற நினைத்தால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டிவிட்டு, அதையே மறுபடி தொழிலாளர் தலையில் ஏற்றியது. ஆள் பற்றாக்குறையான காலங்களில் தோட்டங்கள் போட்டி போட்டதால் துண்டின் தொகை ஏறிக்கொண்டே போனது. ஏறிய தொகையில் உழைத்தவர் கண்ட பயன் எதுவும் இல்லை. துண்டு இல்லாமல் வெளியேறினால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனை விதிக்க முடிந்தது. கூலி ஒப்பந்தத்தை மீறியதற்குச் சிறை என்பது, சுதந்திரமான கூலிமுறை என்று துரைமார் சொல்லிக்கொண்டதைப் பொய்யாக்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்பதைக் காட்டும் குறி பொறித்த தகரவில்லையை ஆட்கள் கழுத்தில் கட்டிக்கொண்டு வர, பயணச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறியது. 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் அமைந்தது. பிறகு மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பும் வழக்கம் வந்தது. 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாகக் கப்பலும் ரயிலும் இணைந்தன. முன்னோர் காடு கடந்து கால்நடையாக வந்த வழி அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது. அந்த வழியில் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியானவர் பலர்.

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கண்டியில் இந்திய அரசின் முகவர் அமர்த்தப்பட்டார். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறியது. 1931இல் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, ஆட்களுக்காகத் துரையிடம் பேசும் உரிமை கங்காணிக்கு மட்டும் உரியதாக இருந்த நிலை அசைந்தது. 1939இல் இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதை இந்தியா தடை செய்ததும் புதிய ஆள் சேர்ப்பு நின்றது. கங்காணி மேற்பார்வையாளராகச் சுருங்கினார். தொழிலாளர் குறைகளைத் துரையிடம் எடுத்துச் சொல்லும் வேலை தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்குப் போனது.