கழிவுநீர்க் கசடு மறுசுழற்சி

கழிவுநீர்க் கசடு மறுசுழற்சி என்பது, வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசட்டைப் பதப்படுத்தி, உரமாக மீண்டும் நிலத்தில் பயன்படுத்தும் முறையாகும். இவ்வாறு பதப்படுத்தப்பட்ட கசடு உயிர்த்திண்மம் எனப்படுகிறது. இதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கரிமப் பொருளும் உள்ளன. பொட்டாசியம் பெரும்பாலும் நீரில் கரைந்து வெளியேறிவிடுவதால் சாம்பல் சத்து குறைவாகவே இருக்கும்.

தோற்றம்

பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களில் கசடு சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் அது வீட்டின் செப்டிக் டேங்க் தொட்டியிலேயே தங்குகிறது. தொட்டியிலிருந்து லாரி மூலம் உறிஞ்சி எடுக்கப்படும் மலக்கசடு ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டப்பட்டால், அதிலுள்ள நோய்க்கிருமிகள் குடிநீரை அடையக்கூடும். பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைச் சாக்கடையிலோ தொட்டியிலோ இறக்கிச் சுத்தம் செய்விப்பதை இந்தியாவில் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

பதப்படுத்தும் முறை

முதலில் கசடு காற்றில்லாத கலன்களில் செரிக்கப்படுகிறது. அப்போது எரிவாயு வெளியாகிறது. பின்னர் மணற்படுகைகளில் உலர்த்தப்படுகிறது. உலர்ந்த கசட்டிலும் உருண்டைப் புழுவின் முட்டைகள் உயிருடன் இருக்கலாம். ஆகவே காய்கறிக் கழிவு போன்றவற்றுடன் சேர்த்து மக்க வைப்பர். மக்கும் குவியலின் வெப்பநிலை 55 பாகை செல்சியசுக்கு மேல் பல நாட்கள் நீடித்தால் கிருமிகளும் முட்டைகளும் அழிகின்றன.

தேவனஹள்ளி நிலையம்

பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் 2015 இல் ஒரு மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 6 கன மீட்டர் கசட்டைக் கையாளும் இந்நிலையத்தை, பரவலாக்கப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பரப்பிவரும் பெங்களூர் சி.டி.டி. சங்கம் அமைத்தது. கசடு பெரும்பாலும் புவியீர்ப்பினாலேயே ஒரு கலனிலிருந்து அடுத்ததற்குச் செல்கிறது. உலர்ந்த கசடு நகரின் மட்கும் குப்பையுடன் சேர்த்து உரமாக்கப்பட்டு உழவர்களுக்கு அளிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இத்தகைய முதல் நிலையம் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள கருங்குழியில் அமைந்தது.

புதுச்சேரிப் பகுதியில் பரவலாக்கப்பட்ட சுத்திகரிப்பு முறையை ஆரோவில்லின் அறிவியல் ஆய்வு மையம் பரப்பியது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர் இம்முறையில் சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்குப் பயன்படுகிறது.

வட்டாரச் சங்கங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கசட்டு மறுசுழற்சிக்கெனத் தனிச் சங்கங்கள் உள்ளன. பசிபிக் வடமேற்குப் பகுதிக்கான வடமேற்கு உயிர்த்திண்மச் சங்கம் 1987 இலும், வடகிழக்கு உயிர்த்திண்மச் சங்கம் 1997 இலும் தொடங்கப்பட்டன. நகராட்சிகளையும் ஆய்வாளர்களையும் இணைப்பது இவற்றின் முதன்மைப் பணியாகும். இச்சங்கங்களுக்கு நெடுங்காலம் முன்பே, 1926 முதல் மில்வாக்கி நகரம் தன் கசட்டை உலர்த்தி உரமாக விற்று வருவது குறிப்பிடத்தக்கது.

கட்டுப்பாடுகளும் இடர்களும்

அமெரிக்காவின் 1993 ஆம் ஆண்டு விதிகள் கசட்டை இரு வகையாகப் பிரிக்கின்றன. கிருமிகள் ஏறத்தாழ முற்றிலும் நீக்கப்பட்டது 'ஏ' வகை. ஓரளவே நீக்கப்பட்டது 'பி' வகை. 'பி' வகை இடப்பட்ட நிலத்தில் மண்ணைத் தொட்டபடி தரைக்கு மேல் விளையும் உணவுப் பயிர்களை 14 மாதங்களுக்கு அறுவடை செய்யக்கூடாது. இந்தியாவில் நகரக் குப்பை உரத்திற்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை (1985) அளவுகளை விதிக்கிறது. அதன்படி ஒரு கிலோ உரத்தில் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் ஈயம் 100 மில்லிகிராமுக்கும் மிகக்கூடாது.

வெப்பத்தால் கிருமிகளை அழிக்க முடியும். ஆனால் உலோகங்களை அழிக்க முடியாது. சாயப்பட்டறை, முலாம் பூசும் தொழிற்கூடம் ஆகியவற்றின் கழிவு வீட்டுச் சாக்கடையில் கலந்தால் அது கசட்டிலேயே தங்கிவிடும். எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்கள் விளைநிலங்களில் கண்டறியப்பட்டதால், மெய்ன் மாநிலம் 2022 இல் கசட்டை நிலத்தில் இடுவதைத் தடை செய்தது. எனவே கசடு உரமாகுமா, நஞ்சாகுமா என்பது சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமன்றி, சாக்கடையில் எதைக் கலக்க விடுகிறோம் என்பதிலும் தங்கியுள்ளது.