ஒற்றைச் சக்கரத்தில் கண்டாலா ஏற்றம்

மும்பையிலிருந்து மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்லும் ஆர்வம் புதிதன்று. 1923 அக்டோபரில் இந்நகரின் பார்சி இளைஞர்கள் அறுவர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்கரா ஆகிய மூவர் 1928இல் பயணத்தை முடித்துத் திரும்பினர். அவர்களுக்கு இரண்டு சக்கரங்கள் இருந்தன. சர்க்கஸ் கூடாரத்தில் மட்டுமே நம்மில் பலர் கண்டிருக்கும் ஒற்றைச் சக்கர மிதிவண்டியிலும் நெடும்பயணம் செய்வோர் உண்டு. இங்கிலாந்தின் எட் பிராட் 2015இல் தொடங்கிய உலகப் பயணத்தை 2018இல் நிறைவு செய்தார். 2007இல் சாம் வேக்லிங் 24 மணி நேரத்தில் 453 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்.

மாட்டுங்காவிலோ தாராவியிலோ வாழும் ஒருவர் இவ்வண்டியில் வெளியூர் செல்ல விரும்பினால், சயான், செம்பூர், மான்கூர்ட் கடந்து பன்வேல் வரை சாலை பெரும்பாலும் சமதளமே. கோபோலியைத் தாண்டியதும் மலை எழுகிறது. விரைவுச் சாலையில் மிதிவண்டிக்கு இடமில்லை. பழைய சாலையே வழி. ஆங்கிலேயருக்கு இம்மலையில் தடம் காட்டியதாகச் செவிவழிக் கதை கூறும் இடையர் சிங்ரோபாவின் கோயில் அச்சாலையில்தான் உள்ளது.

நெடும்பயணத்துக்கு 36 அங்குலச் சக்கரமே விருப்பத்துக்குரியது. மிதி ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.9 மீட்டர் நகரும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில், ஒவ்வொரு சுற்றுக்கும் உடலையும் வண்டியையும் 23 சென்டிமீட்டர் மேலே தூக்க வேண்டும். வீட்டுப் படிக்கட்டில் ஒன்றரைப் படி ஏறுவதற்கு அது ஒப்பு. சாதாரண மிதிவண்டியில் கியரை மாற்றிச் சுமையைக் குறைக்கலாம். இதில் பெரும்பாலும் கியர் கிடையாது. ஆகவே மலைக்கு நீளமான கிராங்க் பொருத்துவர். சமதளத்தில் அதுவே வேகத்தைக் குறைக்கும். இரண்டு துளைகள் கொண்ட கிராங்கில் பெடலை இடம் மாற்றிக்கொள்ள இயலும். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் இழுக்கு ஏதுமில்லை.

வியப்பு என்னவெனில், இருக்கைப் புண்ணுக்கு மலையைவிடச் சமதளமே பெரும் காரணம். ஏற்றத்தில் இருக்கையின் முன்பிடியைப் பற்றி அவ்வப்போது எழுந்து மிதிக்கிறோம். இரத்தம் ஓட வாய்ப்புக் கிடைக்கிறது. பன்வேல் சாலையிலோ மணிக்கணக்கில் அமர்ந்தே இருக்கிறோம். கைகளில் எடையைப் பகிர இரு சக்கர வண்டியைப் போன்ற கைப்பிடி இல்லை; மிதிப்பதை நிறுத்திச் சற்று உருள விடவும் இயலாது. உடலின் எடையில் பெரும்பகுதி இருக்கை மீதே விழுகிறது.

எடை இடுப்பின் அடியெலும்புகள் மீது விழுந்தால் கேடில்லை. அவற்றுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதி அழுந்தினால் நரம்பும் இரத்தக் குழாயும் நெருக்குண்டு மரத்துப்போகும். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், மரத்துப்போதலைப் பொறுக்கக் கூடாது. அந்நிலையில் உடனே இறங்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி நிற்பது நல்ல வழக்கம். உணர்வு மறுநாளும் திரும்பவில்லையெனில் மருத்துவரிடம் செல்வது கட்டாயம்.

புண்ணைத் தோற்றுவிப்பவை உராய்வும் ஈரமும். மும்பையின் புழுக்கத்தில் வியர்வைக்குப் பஞ்சமில்லை. தடித்த தையல் கொண்ட ஜீன்ஸைத் தவிர்த்து, மெத்தையிட்ட மிதிவண்டி அரைக்கால்சட்டையை உள்ளாடையின்றி அணிய வேண்டும். உராயும் இடங்களில் வாசலின் தடவுவது உதவும். பயணம் முடிந்ததும் அவ்வுடையிலேயே அமர்ந்து தேநீர் அருந்தும் நம் பழக்கம்தான் வினையை விதைக்கிறது. முதலில் குளித்து, உலர்த்தி, உடை மாற்ற வேண்டும். கொப்புளத்தைக் கிள்ளவோ ஊசியால் குத்தவோ கூடாது. ஆறும் வரை வண்டியைத் தொடாதிருப்பதே மருந்து. நீரிழிவு உள்ளவர்கள் சிறு புண்ணையும் சிறிதென்று எண்ணாமல் அன்றே காட்டிவிடுதல் நலம்.

இனி இறக்கம். சக்கரத்துடன் மிதியும் சுற்றிக்கொண்டே இருப்பதால், பிரேக் இல்லாத வண்டியில் முழங்கால்களே பிரேக். பிரேக் இருப்பினும் அதைச் சிறிது சிறிதாகவே அழுத்த வேண்டும். திடீரென அழுத்தினால் ஓட்டுபவர் முன்னே விழுவார். மழைக்காலத்தில் பாசி படர்ந்த வளைவுகளில் இதை முயலவே வேண்டாம். லோணாவாலாவில் நிற்கும் மும்பை ரயில்கள் பல தாதரிலும் நிற்கின்றன. மாட்டுங்கா அங்கிருந்து அடுத்த நிலையம்.