கல்லும் காசும் கற்பிக்கும் பாடம்



உங்கள் பிள்ளையிடம் பத்துக் கற்பனைகளைக் கேளுங்கள், தடையின்றிச் சொல்லும். “பொய்ச்சாட்சி என்றால் என்ன? நம் வீட்டில் அது எப்போது நடந்தது?” என்று கேளுங்கள், விழிக்கும். “தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் முறையிட வேண்டும்?” என்று கேளுங்கள்; அப்போதும் விழிக்கும். மனப்பாடம் இருக்கிறது, பாடம் மனதில் இல்லை.

உங்களில் பலர் வண்டிப்பெரியார் போன்ற தேயிலைத் தோட்ட ஊர்களிலிருந்து நகரத்திற்கு வந்தவர்கள். 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு வட்டத்தில் தோட்டங்கள் சில மூடப்பட்டபோது, லயத்தை விட்டு மலையிறங்கினவர்களும் உண்டு. நீங்கள் படித்த காலத்தில் ஆசிரியர் சொல்ல, வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். அம்முறை இன்று மாறிவிட்டது.

பள்ளியில் வந்த மாற்றம்

1990களின் பிற்பகுதியில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களுக்கு வந்தது. பிள்ளைகள் குழுவாக அமர்ந்து, உற்றுநோக்கி, தாங்களே கண்டறிந்து கற்கும் வழி திறந்தது. “விளையாடத்தானே விடுகிறார்கள்!” என்று பெற்றோர் பலர் குறைகூறினர். தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலமெங்கும் பரவியது.

குடிமைப் பாடமும் இவ்வழியே நடக்கிறது. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் தேர்தல் நடத்துகிறார்கள். வேட்புமனு கொடுத்து, வாக்குக் கேட்டு, வாக்களிக்கிறார்கள். தோற்றவன் வென்றவனுக்குக் கை கொடுப்பதும் பாடமே. குடும்பஸ்ரீயின் பாலசபைகளில் பிள்ளைகள் கூடித் தங்கள் ஊரின் காரியங்களைப் பேசுகிறார்கள்.

வேதம் காட்டும் முறை

இது நமக்குப் புதிதா? யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வைக்கும்படி கர்த்தர் கட்டளையிட்டார் (யோசுவா 4). பிள்ளை அவற்றைக் கண்டு, “இவை என்ன?” என்று கேட்க வேண்டும், அதன் பின்பே தகப்பன் விடை சொல்ல வேண்டும். கேள்வி முந்தியது; போதனை பிந்தியது.

வரி கொடுப்பது நியாயமா என்று கேட்டவர்களுக்கு நம் ஆண்டவர் நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. வரிக்காசைக் காட்டச் சொல்லி, அதிலிருக்கும் சொரூபம் யாருடையது என்று அவர்களையே கேட்டார் (மத்தேயு 22). கல் விசுவாசத்தைக் கற்பித்தது. காசு குடிமையைக் கற்பித்தது.

எது யாருடைய பொறுப்பு?

“விசுவாசத்தையும் பள்ளியே கற்பிக்கட்டுமே” என்பீர்களோ? அரசு நிதியாலேயே முழுவதும் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு உதவி பெறும் பள்ளியிலும் பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளையை அதில் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. இந்த வேலி நம் பிள்ளைகளையும் காக்கிறது.

1985இல் கோட்டயம் மாவட்டம் கிடங்ஙூரில், தேசிய கீதத்தைப் பாடாததற்காக மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பு. அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கூட்டத்தார். அவர்களுடைய உபதேசம் நம்முடையதன்று. நாம் தேசிய கீதத்தை மகிழ்ச்சியோடு பாடுகிறவர்கள். ஆயினும் அப்பிள்ளைகள் மரியாதையோடு எழுந்து நின்றனர் என்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 1986 ஆகஸ்டில் அவர்களைத் திரும்பச் சேர்க்கும்படி தீர்ப்பளித்தது. எழுந்து நின்றது குடிமை. வாய் மூடியிருந்தது மனச்சாட்சி. இரண்டும் ஒரே பிள்ளைக்குள் சேர்ந்திருக்கக் கூடும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

அந்த மனச்சாட்சி உருவான இடம் வீடு. நம் வீடுகளில் என்ன உருவாகிறது? பள்ளி செயல்வழிக்கு மாறிவிட்டது. நம் ஞாயிறு பள்ளி இன்னும் மனன வசனத்திற்குப் பரிசு கொடுத்து முடித்துக்கொள்கிறதே! வசனம் மனதில் இருக்க வேண்டியதே. ஆனால் அது தொடக்கம், முடிவன்று.

இம்மாதமே செய்யுங்கள்

குடும்ப ஜெபத்தில் பிள்ளை ஒரு கேள்வியாவது கேட்கட்டும். விடை தெரியாவிட்டால், “சேர்ந்து தேடுவோம்” என்று சொல்ல வெட்கப்படாதிருங்கள்.

வாக்களிக்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். வரி ரசீதைக் கையில் கொடுத்து, அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, நல்ல சமாரியன் உவமையை நடிக்கச் செய்த பின்பு, “நம் தெருவில் விழுந்துகிடப்பவன் யார்?” என்று கேளுங்கள். மொழி தெரியாத வடநாட்டுத் தொழிலாளியை ஒரு பிள்ளை சொல்லக்கூடும். நாமும் ஒருகாலத்தில் மொழி தெரியாத ஊரில் வந்து நின்றவர்கள் அல்லவா?

விடுமுறையில் ஊருக்குப் போனால், பெரியாற்றங்கரையில் பிள்ளை ஒரு கல்லைப் பொறுக்கட்டும். அதை வீட்டில் வையுங்கள். “இது என்ன?” என்று அது கேட்கும் நாளில், தாத்தா பாட்டி கொழுந்து பறித்ததையும், தோட்டம் மூடிய நாளில் கர்த்தர் கைவிடாமல் நடத்திவந்ததையும் சொல்லுங்கள். அந்தப் பாடத்தை எந்தப் பள்ளியும் கற்பிக்க முடியாது; உங்களால் மட்டுமே முடியும்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.