ஆற்றுப்படையும் வழிகாட்டுஞ் செயலியும்

தான் கண்டு மீண்ட நெறியினை, இனிச் செல்வார்க்கு எடுத்துரைத்தல் தமிழர்தம் தொன்மரபு. தொல்காப்பியப் புறத்திணையியல் இதனைக் கூறும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாகவே அமைந்துள்ளன. இன்று திறன்பேசியில் இயங்கும் பயண வழிகாட்டிச் செயலியும் அதே தொழிலைச் செய்ய முற்படுகின்றது. அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனை, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வறண்ட நிலத்தை வைத்து ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் கருதற்பாலது ஊர்ப்பெயர். திருச்சுழி குண்டாற்றங்கரையில் உள்ளது. சுந்தரர் தேவாரத்துள் திருச்சுழியல் எனப் பெயர் பெறும். பெருவெள்ளம் சுழித்து நிலத்துள் இறங்கிய இடம் என்பது தலபுராணம் கூறும் பெயர்க்காரணம். ஆங்கில எழுத்தில் இப்பெயரைப் பதிந்து மீண்டும் தமிழாக்கும் பொறி, ‘சுலி’ என்றோ ‘சுளி’ என்றோ காட்டக்கூடும். ழகரம் அழியின் சுழி அழியும்; சுழி அழியின் ஊரின் வரலாறும் உடன் மறையும். 1991-இல் வெளிவந்த யூனிக்கோடு முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துக்கள் இடம்பெற்றமையின், தமிழ்ப்பெயரையே மூலமாக வைத்துப் பிறமொழி வடிவங்களை அதன்கீழ் அடக்குதல் இயலும். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுநிலப்படத்திலும் தமிழ்ப்பெயர்க்கெனத் தனியிடம் உண்டு. ஊரார் அறிந்த பெயரை ஊராரே அதிற் பதியலாம்.

இரண்டாவது, வழியின் இயல்பு. மலைபடுகடாம் ஊர்களை மட்டும் அடுக்கிச் செல்லவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, வழுக்கும் பாறை, பாம்புறையும் இடம், உணவு கிடைக்கும் குடி ஆகியவற்றையும் உரைக்கின்றது. கரிசற்காட்டில் கூறவேண்டிய இடர்கள் வேறு. கோடையில் நண்பகல் வெயில் கடுமையானது, கண்மாய்கள் வற்றிக் கிடக்கும், நிழல் அரிது. ஆதலின் குடிநீரும் நிழலும் உள்ள இடம், பேருந்து வரும் நேரம், நடைக்குரிய பொழுது ஆகியவை செயலியில் இருத்தல் வேண்டும். மழைக்குப்பின் கரிமண் பாதை சேறாகுமாதலின் பருவந்தோறும் குறிப்பு மாறுதலும் வேண்டும்.

மூன்றாவது, தொடர்பு அற்றவிடத்தும் பயன்படுதல். இருப்பிடம் அறிதற்கு இணையம் இன்றியமையாதது என்று பலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிப்பலைகள் வந்துசேரும் காலத்தைக் கொண்டு கருவி தானே இடத்தைக் கணிக்கும். நான்கு கோள்களின் அலை கிடைப்பின் போதும். இணையத்தின்வழி வருவது நிலப்படமேயாம். எனவே வட்டம் முழுவதற்குமான படத்தையும் குறிப்புக்களையும் முன்னரே கருவியுட் சேமிக்குமாறு அமைப்பின், அலைவரிசை எட்டாத சிற்றூரிலும் பயணி வழிதவறான்.

இறுதியாக, எவற்றைக் காட்டுவது என்னும் வினா எழுகின்றது. திருமேனிநாதர் கோயிலும், 1879 டிசம்பர் 30-இல் இரமண மகரிஷி பிறந்த இல்லமாகிய சுந்தர மந்திரமும் திருச்சுழிக்கு வருவோர் நாடும் இடங்கள். இவ்விரண்டுடன் செயலி நின்றுவிடின், வந்தவர் ஒருமணிப் பொழுதில் மீள்வர். நிலம் அறியப்படாமலே எஞ்சும். அருப்புக்கோட்டைக் கைத்தறியும், மழைநீரைத் தேக்கும் கண்மாய்களின் அமைப்பும் காணத்தக்கன. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த சமணத் துறவியரின் பெயர்கள் மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டுக்களில் உள்ளன. மலையைக் காண்பாரைக் குறண்டிக்கும், குறண்டியைக் காண்பாரை மலைக்கும் செயலி ஆற்றுப்படுத்தலாம்.

செயலியைப் பொறியறிஞர் இயற்றலாம். அதனுட் கூறப்படுவது நிலத்தை நடந்து அறிந்தவர் கூற்றாதல் வேண்டும். பெயரைப் பிழையின்றிச் சொல்லுதலும், இடரை மறையாது சொல்லுதலும், பிறர் காணாததைச் சுட்டுதலுமே வழிகாட்டியின் கடன். அவை குறையின் செயலி புள்ளிகளின் பட்டியலாகுமேயன்றி ஆற்றுப்படை ஆகாது.