டப்பாவில் 14,000... மாவு வியாபாரம் லாபமா, நஷ்டமா?

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1-ம் தேதி கையில் 40,000 ரூபாய். மாதக் கடைசியில் காசு டப்பாவைத் திறந்தால் 14,000தான் மிச்சம். '26,000 போயிடுச்சே, நிறுத்திடலாமா?' என்று யோசிக்கிறார். நிறுத்துவதற்கு முன், ஒரு நோட்டை எடுத்து எழுதிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுத வேண்டும். ப்ளஸ் ஒன் மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதே இங்கேதான். காசு கைக்கு வந்தால் வீட்டில் அது 'வரவு'. குறிப்பேட்டிலோ ரொக்கக் கணக்கில் 'பற்று' வைக்கச் சொல்வார்கள்! அப்படியானால், பணம் ஏறும்போது வங்கி ஏன் 'கிரெடிட்' என்று எஸ்.எம்.எஸ் அனுப்புகிறது? அது வங்கியின் நோட்டு. வாடிக்கையாளருக்குத் தான் தர வேண்டிய தொகை கூடியதை, வங்கி தன் பக்கத்திலிருந்து வரவு எழுதுகிறது. அவரவர் நோட்டில், உள்ளே வந்த பணம் பற்றுதான்.

இந்த முறையை லூக்கா பசியோலி என்ற துறவி 1494-ல் வெனிஸில் அச்சான தன் கணிதப் புத்தகத்தில் விளக்கினார். கண்டுபிடித்தவர் அவரல்ல. அங்கிருந்த வியாபாரிகள் ஏற்கெனவே இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மாவுக் கடைக்கு வருவோம். முதல் பதிவு: ரொக்கம் பற்று 40,000, முதல் வரவு 40,000. அடுத்து கிரைண்டர் பற்று 24,000, ரொக்கம் வரவு 24,000. இது செலவு இல்லை. காசு கிரைண்டராக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அரிசி, உளுந்து 18,000, கரன்ட் பில்லும் கவரும் 3,000. இவை அசல் செலவுகள். பற்று வைத்து, ரொக்கத்தை வரவு வைக்க வேண்டும்.

மாத விற்பனை 32,000. அதில் 5,000 பக்கத்து மெஸ்காரர் வைத்த கடன். ஆக, ரொக்கம் பற்று 27,000, மெஸ்காரர் பற்று 5,000, விற்பனை வரவு 32,000.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது. டப்பாவிலிருந்து பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு 8,000 எடுத்திருக்கிறார். அது மாவுக் கடையின் செலவே அல்ல. எடுப்பு பற்று 8,000, ரொக்கம் வரவு 8,000.

கிரைண்டர் 5 வருடம் உழைக்கும் என்று வைத்தால், தேய்மானம் மாதம் 400 ரூபாய். வாங்கிய அரிசி, உளுந்தெல்லாம் தீர்ந்துவிட்டது. விற்பனை 32,000-லிருந்து 18,000, 3,000, 400 ஆகியவற்றைக் கழித்தால் லாபம் 10,600!

சரிபார்க்க ஒரு வழி உண்டு. ரொக்கம் 14,000, கிரைண்டர் 23,600, மெஸ்காரர் 5,000. கூட்டினால் 42,600. மறுபக்கம், போட்ட 40,000-உடன் லாபம் 10,600 சேர்த்து, எடுத்த 8,000 கழித்தால் அதே 42,600.

மே மாதம் மெஸ்காரர் பாக்கியைக் கொடுத்தால் ரொக்கம் பற்று 5,000, மெஸ்காரர் வரவு 5,000. டப்பா நிறையும்; ஆனால், மே மாத லாபம் அதனால் ஒரு ரூபாய்கூட ஏறாது. அந்த விற்பனை ஏப்ரல் கணக்கிலேயே ஏறிவிட்டது.