இமைக்கு ஒரு துணை

நுழையும்முன்

‘கண்ணை இமை காப்பதுபோல’ என்று சொல்லிப் பழகிய மரபு நம்முடையது. ஆயினும், விளையாட்டுத் திடலில் விரைந்து வரும் பந்தின்முன் இமை தோற்றுவிடுகிறது. அவ்விடத்தில் இமைக்குத் துணை நிற்பது மெத்தையிட்ட காப்புக்கண்ணாடி. அது எவ்வாறு வடிவமைக்கப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திடலும் கண்ணும்

ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைக் கடந்து வரும் காற்று, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் புழுதியை எழுப்பியபடி ஓடுகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அக்காற்றினால்தான். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனச் சாலையோர ஊர்களின் பள்ளித் திடல்களில் மாலை வேளையில் பூப்பந்தும் இறகுப்பந்தும் நடைபெறும். அறுவடை முடிந்த வயல்களில் மட்டைப்பந்தும், சில ஊர்களில் இன்றும் கிட்டிப்புள்ளும் ஆடப்படும். மட்டைப்பந்து ஆடுபவர் காலுக்குக் காப்பு கட்டுகிறார். கைக்கு உறை அணிகிறார். கண்ணுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பார்வைக் குறைபாடுடைய மாணவரோ தம் கண்ணாடியைக் கழற்றி நண்பரிடம் கொடுத்துவிட்டுக் களமிறங்குகிறார். அல்லது அன்றாடக் கண்ணாடியுடனேயே ஆடுகிறார். இரண்டும் ஆபத்தே.

பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் இடக்கண்ணில் புள் பட்டது. வெளியே குருதி தெரியவில்லை. வலியும் மறுநாள் தணிந்தது. ஆகவே, வீட்டார் காத்திருந்தனர். சில வாரங்களில் அக்கண்ணில் புரை படர்ந்தது. அறுவைச் சிகிச்சையில் செயற்கை லென்ஸ் பொருத்திய பிறகு பார்வை பெருமளவு மீண்டது. எனினும், ஆண்டுதோறும் கண்ணின் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். ஆறிய புண்ணுக்கு இத்தனை ஆண்டுச் சோதனை எதற்கு என்று அம்மாணவர் என்னைக் கேட்டார். அப்போது எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடப் புகுந்ததே இக்கட்டுரைக்கு வித்து.

திராட்சையும் விழியும்

நம் விழிக்கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 24 மி.மீ. அது நீர்மமும் பாகுபோன்ற பொருளும் நிறைந்த உருண்டை. கம்பம் பகுதியின் பன்னீர் திராட்சையொன்றை இரு விரல்களுக்கிடையே வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்திய திசையில் அது தட்டையாகும், பக்கவாட்டில் பருக்கும். தோல் கிழிவது பெரும்பாலும் விரல் பட்ட இடத்தில் அன்று, பருத்த இடத்தில்தான். கண்ணும் அவ்வாறே. முன்னிருந்து தாக்குண்ட விழி நடுப்பகுதியில் விரிகிறது. அவ்விரிவில் லென்ஸைத் தாங்கும் நுண்ணிழைகள் அறுபடலாம், விழித்திரை கிழியலாம், கருவிழிக்குப் பின்னுள்ள அறையில் குருதி தேங்கலாம். கண்ணின் உள்நீர் வடியும் வழி சிதைந்திருந்தால், அதன் விளைவு சில நேரங்களில் பல்லாண்டுகள் கழித்தே கண்நீர் அழுத்த நோயாக வெளிப்படும். அம்மாணவரின் கேள்விக்கு விடை இதுதான்.

இயற்கை கண்ணைக் காப்பின்றி விடவில்லை. புருவ எலும்பும் கன்ன எலும்பும் மூக்கெலும்பும் கூடி ஒரு குழியை அமைத்துள்ளன. குழியினுள் விழிக்குப் பின்னும் சுற்றிலும் கொழுப்பு மெத்தைபோல் அமைந்துள்ளது. குழியின் வாய் ஏறத்தாழ 40 மி.மீ. அகலமும் 35 மி.மீ. உயரமும் உடையது. எனவே, 7 செ.மீ. விட்டமுள்ள மட்டைப்பந்து முதலில் எலும்பு விளிம்பில் மோதுகிறது. 5 முதல் 5.5 செ.மீ. விட்டமுள்ள பூப்பந்து கம்பளி நூலால் ஆனது. விளிம்பில் மோதினாலும் அமுங்கி ஓரளவு உள்ளே புடைக்கும். ஸ்குவாஷ் பந்தின் விட்டம் 40 மி.மீ.; குழிக்கு அளவெடுத்தது போன்றது. இறகுப்பந்தின் தக்கைத் தலையோ 25 முதல் 28 மி.மீ. மட்டுமே. அதைத் தடுக்க எந்த எலும்பும் குறுக்கே நிற்பதில்லை. பந்து சிறிதாக இருப்பதால் தீங்கும் சிறிது என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இவ்வளவுகள் காட்டுகின்றன.

மட்டைப்பந்தாலும் மரத்துண்டாலும் நேர்ந்த இழப்புகள் பலரும் அறிந்தவை. 2000ஆம் ஆண்டு டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில், அனில் கும்ப்ளே வீசிய பந்து இந்திய விக்கெட் காப்பாளர் சபா கரீமின் வலக்கண்ணைத் தாக்கியது. அவருடைய ஆட்ட வாழ்வு அத்துடன் முடிவை நெருங்கியது. 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டான்டன் நகரில், பந்துபட்டுத் தெறித்த பெயில் தென்னாப்பிரிக்காவின் மார்க் பௌச்சருடைய இடக்கண்ணைக் கிழித்தது. அவர் அப்போது தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. பெயில் என்பது விரல் நீளத்தைச் சற்றே மிஞ்சும் மரத்துண்டு. நம் ஊர்க் கிட்டிப்புள்ளும் ஏறக்குறைய அதுவே. ஒரு வேறுபாடு, புள்ளின் முனைகளை நாமே கூர்மையாகச் சீவிவைக்கிறோம்.

இமையினும் விரைவு

இமை முழுமையாக மூட ஏறத்தாழ 0.1 நொடி ஆகிறது. நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் செல்லும் பொருள் அந்நேரத்தில் 4 மீட்டரைக் கடந்துவிடும். இறகுப்பந்துக் களத்தில் வலையின் இருபுறமும் உள்ள குறுகிய தொடக்கவீச்சுக் கோடுகளுக்கு இடையிலான தொலைவு 3.96 மீட்டர். அதாவது, அக்கோடுகளில் எதிரெதிரே நிற்கும் இருவருள் ஒருவர் ஓங்கி அடித்தால், மற்றவரின் இமை மூடி முடிவதற்குள் பந்து வந்து சேர்ந்திருக்கும். இறகுகள் பந்தை விரைவில் தளர்த்திவிடும் என்பது உண்மை. ஆனால், வலையருகே அந்தத் தளர்ச்சிக்கு இடமில்லை. இரட்டையர் ஆட்டத்தில் முன்னே நிற்பவர் பின்னிருக்கும் துணைவரைத் திரும்பிப் பார்க்கும் கணமும் இத்தகையதே.

5 கிராம் எடையுள்ள அப்பந்தின் இயக்க ஆற்றலை இயற்பியல் பாடத்தில் கற்ற வாய்பாட்டால் கணக்கிட்டால் 4 ஜூல் கிடைக்கும். அன்றாடக் கண்ணாடியின் உறுதியை அறிய அமெரிக்காவில் வழங்கும் சோதனையொன்று உண்டு: ஏறத்தாழ 16 கிராம் எஃகுக் குண்டை 127 செ.மீ. உயரத்திலிருந்து லென்ஸின்மீது விழச் செய்வர். அதன் ஆற்றல் 0.2 ஜூல் மட்டுமே. இறகுப்பந்தின் ஆற்றல் அதனைப்போல் இருபது மடங்கு. படிப்பதற்கு வாங்கிய கண்ணாடியை ஆட்டத்திற்கும் அணிவது ஏன் தகாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

மெத்தை செய்யும் பணி

மெத்தை என்றவுடன் முகத்திற்கு இதமானது என்றே பலரும் கருதுவர். அதன் முதற்பணி இதம் அன்று. விழிமேல் விழவேண்டிய விசையை எலும்பின்மேல் கொண்டுசென்று, மெதுவாக இறக்கிவைப்பதே அதன் பணி.

4 ஜூல் ஆற்றலுடன் வரும் பொருளை 2 மி.மீ. தொலைவில் நிறுத்தினால் சராசரி விசை 2000 நியூட்டன். அதையே 8 மி.மீ. தொலைவில் நிறுத்தினால் 500 நியூட்டன். நிறுத்தும் தொலைவு நான்கு மடங்கானால் விசை நான்கில் ஒன்றாகிறது. அடுத்தது பரப்பு. அந்த 500 நியூட்டனும் 1 சதுர செ.மீ. பரப்பில் இறங்குவது வேறு. இரு விழிக்குழிகளையும் சுற்றி வளையமாக அமைந்த 20 சதுர செ.மீ. நுரைப்பஞ்சின்மீது பரவுவது வேறு. பின்னதில் ஒவ்வொரு சதுர செ.மீட்டருக்கும் 25 நியூட்டனே பங்கு. தலையும் சற்றுப் பின்னகரும் என்பதால் உண்மை நிலை இதனினும் சிக்கலானது. எனினும், திசை இதுவே.

நுரைப்பஞ்சு மிக மென்மையாக இருந்தால், தாக்குதலின் தொடக்கத்திலேயே முழுதும் அமுங்கிவிடும். எஞ்சிய விசை நேரே எலும்பில் இறங்கும். பழைய பேருந்தின் தேய்ந்த இருக்கையில் அமர்ந்து போடி மெட்டு ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிகக் கடினமாக இருந்தாலோ அமுங்கவே அமுங்காது. எனவே, தோலை ஒட்டி மென்மையான அடுக்கும் அதன்கீழ் உறுதியான அடுக்கும் வைப்பது நல்ல முறை. உறுதியான அடுக்குக்குக் காலணிகளின் அடிப்பகுதியில் பயன்படும் எத்திலீன் வினைல் அசிட்டேட் நுரை ஏற்றது.

லென்ஸுக்குரிய பொருள் பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெலும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே இதை உருவாக்கினர். கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவான இப்பொருள், அடிபட்டால் சில்லுகளாகச் சிதறுவதில்லை, வளைந்து மீள்கிறது. அவ்வாறு வளையும்போது விழியைத் தொடாதிருக்க, லென்ஸுக்கும் இமைமயிருக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். சட்டத்தில் லென்ஸ் பொருந்தும் பள்ளத்தின் பின்விளிம்பு உயர்ந்திருத்தலும் இன்றியமையாதது. இல்லையேல், தாக்குதலில் லென்ஸே கழன்று கண்ணில் மோதும்.

திறந்த சட்டம் கற்பித்த பாடம்

லென்ஸே இல்லாமல், சட்டம் மட்டும் உள்ள காப்புகள் 1970களில் மேலைநாட்டு ஸ்குவாஷ் களங்களில் பரவலாக விற்கப்பட்டன. வியர்வைப் படலம் படியாது, விலையும் குறைவு என்பதால் ஆட்டக்காரர்கள் விரும்பி வாங்கினர். பந்து இடைவெளியைவிடப் பெரிது. எனவே உள்ளே நுழையாது என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். கனடாவின் டொராண்டோ நகரக் கண் மருத்துவர் மைக்கேல் ஈஸ்டர்புரூக், இக்காப்பை அணிந்திருந்தும் கண்ணில் அடிபட்டோரைக் கண்டு பதிவுசெய்தார். விரைந்து வரும் ரப்பர் பந்து சட்டத்தில் மோதியதும் நெகிழ்ந்து, இடைவெளி வழியே பிதுங்கி விழியைத் தொட்டுவிடுகிறது. நின்ற பந்தை அளந்தவர்கள் பறக்கும் பந்தை அளக்க மறந்தனர். இன்று உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் இளையோர் போட்டிகளில் லென்ஸுடன் கூடிய காப்புக்கண்ணாடி கட்டாயம். இறகுப்பந்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வியர்வையும் புழுதியும்

கழற்றி நெற்றிமேல் ஏற்றிவிட்ட காப்புக்கண்ணாடியால் பயனில்லை. மாணவர்கள் ஏன் ஏற்றிவிடுகின்றனர்? கோழைத்தனம் என்று பிறர் நகைப்பர் என்ற கூச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், லென்ஸின் உட்புறம் படியும் நீர்த்திவலைகள். முகத்தின் வெப்பமும் வியர்வையும் அடைபட்ட சிற்றறையில் ஈரக்காற்றாகி, லென்ஸில் பட்டுக் குளிர்ந்து படலமாகின்றன. காற்றோட்டத்திற்குத் துளையிட்டால் படலம் குறையும். ஆனால், ஆடிக்காற்றின் புழுதி அத்துளை வழியே நுழையும். குளிர்நாட்டு உள்ளரங்குக்கெனச் செய்த கண்ணாடி நம் திடலில் தடுமாறுவது இங்கேதான்.

துளைகளை நேராக இடாமல் வளைந்து செல்லும் சிறு வழிகளாக அமைத்தால், காற்று திரும்பிச் செல்லும். கனமான மணல் துகள் திரும்பமாட்டாமல் சுவரில் மோதித் தங்கும். நுரைப்பஞ்சிலும் இருவகை உண்டு. திறந்த அறைகளைக் கொண்டது காற்றை விடும். ஆனால், வியர்வையைக் குடித்து நாறும். மூடிய அறைகளைக் கொண்டது வியர்வையைக் குடிக்காது, காற்றையும் விடாது. நெற்றிப்புறம் முன்னதையும் கன்னப்புறம் பின்னதையும் வைத்து, இரண்டையும் கழற்றிக் கழுவும்படி அமைப்பது நம் தட்பவெப்பத்திற்குப் பொருந்தும். பாலிகார்பனேட் எளிதில் கீறல் விழும் பொருள். புழுதி படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காமல் முதலில் நீரூற்றிக் கழுவ வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் தேனிக் கிளை 1985இல் அமைந்தது. செயற்கை விழிலென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்வதற்கென 1992இல் அரோலேப் நிறுவப்பட்டது. கண்ணில் அடிபட்டால் தேய்த்தலோ, எண்ணெய், பால் முதலியவற்றை விடுதலோ கூடாது. வலி இல்லையெனினும் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நம் முகத்திற்கு ஒரு சட்டம்

முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய மருத்துவர் வெங்கடசாமி, தம் விரல்களுக்கேற்ற கருவிகளைக் கொண்டே ஆயிரக்கணக்கான அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். கருவிக்கேற்பக் கையை வளைக்க இயலாதபோது கைக்கேற்பக் கருவியை வளைத்தார். முகத்தைப் பொறுத்தும் இதுவே வழி. கடையில் கிடைக்கும் சட்டம் பெரியவர்களின் அளவில் இருந்தால், பதினாறு வயதினரின் மூக்கருகே இடைவெளி விடும். அங்கே நுரைப்பஞ்சு எலும்பைத் தொடாது. விசை இறங்க வழியின்றி மூக்குத்தண்டே முழுச்சுமையையும் தாங்கும்.

இதனை வகுப்பிலேயே ஆராயலாம். தடித்த அட்டையில் சட்டத்தின் வடிவை வெட்டி, பலர் முகத்தில் வைத்து, எங்கெங்கே இடைவெளி விழுகிறது என்று குறியுங்கள். பின்னர்க் களிமண்ணால் முகவடிவம் செய்து, விழிக்குழியில் கோழிமுட்டையொன்றைப் பதித்து, காப்புக்கண்ணாடியை அதற்கு அணிவியுங்கள். 160 கிராம் மட்டைப்பந்தை 2.5 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அது ஏறத்தாழ 4 ஜூல் ஆற்றலுடன் விழும். நாம் முன்பு கணக்கிட்ட இறகுப்பந்தின் ஆற்றலும் அதுவே. தாக்கும் பரப்பு மட்டும் வேறு. மெத்தையுடன் ஒருமுறையும் மெத்தையை நீக்கி ஒருமுறையும் செய்து பார்த்து, களிமண்ணில் பதிந்த தடங்களின் ஆழத்தை ஒப்பிடுங்கள். உயிருள்ள முகத்தில் எவரும் இதனைச் சோதிக்கலாகாது.

இறுதியாக வார். கீலுடைய காதுக்கம்பிகள் தாக்குதலில் ஒடிந்து பொட்டில் குத்தக்கூடும். ஆகவே, மீள்தன்மையுள்ள அகன்ற வாரே ஏற்றது. எண்ணெய் தடவிய தலையில் வழுவழுப்பான வார் நழுவும். அதன் உட்புறம் ரப்பர் வரிகள் இருத்தல் வேண்டும். இரட்டைச்சடை பின்னிய மாணவியருக்கு ஒற்றை வார் சடைமேல் ஏறி நிற்கும். சடைக்கு மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாகப் பிரியும் வாரே நிலைக்கும்.